உடலை விட்டு வெளியேறியவள்
ஹான் காங்கின் 'மரக்கறி' நாவலை முன்வைத்து

வீட்டிலே ஒரு பிள்ளை உண்ண மறுத்தால் முதலில் கெஞ்சுகிறோம், பிறகு அதட்டுகிறோம். இரண்டும் பயன்படாதபோது என்ன செய்வதென்று அறியாமல் திகைத்து நிற்கிறோம். 1873-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் சார்ல் லாஸேக், உண்ண மறுக்கும் இளம்பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடும்பத்தாரின் கைவசம் இருப்பவை வேண்டுகோள், மிரட்டல் என்னும் இரண்டு வழிகள் மட்டுமே. அவை மிகமிக நோயாளியின் மறுப்பும் மிகுகிறது என்பது அவர் கண்ட உண்மை. கட்டில் அருகே நின்று கண்ட அந்த உண்மையை, ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கொரிய நாட்டு எழுத்தாளர் ஒருவர் சாப்பாட்டு மேசையருகே நின்று கண்டார். அவர்தாம் ஹான் காங்.

தனித்தனியே வெளிவந்த மூன்று குறுங்கதைகளை ஒன்றாக்கி 2007-இல் அவர் வெளியிட்ட நாவல், டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக 2016-இல் சர்வதேச மேன் புக்கர் பரிசு பெற்றது. 2024-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு ஹான் காங்குக்கு வழங்கப்பட்டபின் இதனைப் படித்தவர் தொகை பெருகியது. தமிழிலும் 'மரக்கறி' என்னும் பெயரில் இது கிடைக்கிறது.

பெயரைக் கண்டு, புலால் உண்ணாமையை வலியுறுத்தும் நூலென்று இதனை ஒதுக்கியவர்கள் உண்டு. அதே காரணத்துக்காகப் பாராட்டியவர்களும் உண்டு. ஆணாதிக்கத்துக்கு எதிரான பெண்ணின் கலகம் என்றும், மனிதனின் கொடுமையை மறுத்து இயற்கையோடு கலக்க விழையும் ஆன்மாவின் உருவகம் என்றும் விமர்சகர்கள் இதற்குப் பொருள் கூறியிருக்கிறார்கள். இவற்றுள் எதுவும் முற்றிலும் பிழையன்று. ஆயினும் இவ்விளக்கங்கள் யாவும் யோங்ஹே என்னும் அப்பெண்ணை ஒரு கொள்கைக்குக் கொடியாக்கி விடுகின்றன. கொடியைப் பார்க்கிறவன் அதைத் தாங்கி நிற்கும் மெலிந்த உடலைப் பார்ப்பதில்லை. யோங்ஹே முதலில் ஒரு நோயாளி. தன் உடலிலிருந்து சிறிது சிறிதாக வெளியேறிப் போனவள். அந்த வெளியேற்றத்தின் கதையாக இந்நாவலைப் படித்தால்தான், மற்றவர் கூறும் பொருள்களுக்கும் நிற்க ஓர் இடம் கிடைக்கும் என்பது என் கருத்து.

மேசையில் நிகழ்ந்தது

கதையின் தொடக்கம் எளியது. ஒரு விடியற்காலையில் யோங்ஹே குளிர்சாதனப் பெட்டியின் முன்னே நின்றுகொண்டிருக்கிறாள். வீட்டிலிருந்த இறைச்சி, மீன் அனைத்தையும் எடுத்துக் குப்பையில் போடுகிறாள். காரணம் கேட்கும் கணவனுக்கு, தான் ஒரு கனவு கண்டதாக மட்டும் கூறுகிறாள். அதற்கு மேல் விளக்கமில்லை. எவ்வகையிலும் தனிச்சிறப்பில்லாதவள் என்பதற்காகவே அவளைத் தேர்ந்து மணந்த அந்தக் கணவனுக்கு, விளக்கம் கேட்கும் பொறுமையும் இல்லை.

பின்னர் தமக்கை இன்ஹேயின் புது வீட்டில் குடும்பம் கூடுகிறது. தந்தை வியட்நாம் போரில் பங்குகொண்டு பதக்கம் பெற்றவர். 1964 முதல் 1973 வரை தென்கொரியா அப்போருக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவராக அவரை ஆசிரியர் படைத்திருக்கிறார். ஆணையிட்டே பழகிய அம்மனிதர், மகளின் மறுப்பைத் தம் தலைமைக்கு விடப்பட்ட சவாலாகக் கொள்கிறார். அவளுடைய கைகளைப் பற்றிக்கொள்ளும்படி ஆண்களை ஏவி, கன்னத்தில் அறைந்து, இறைச்சித் துண்டை அவள் வாய்க்குள் திணிக்கிறார். தமக்கை தடுக்க முயன்றும் இயலவில்லை. திணித்ததை உமிழ்ந்துவிட்டு யோங்ஹே கத்தியை எடுத்துத் தன் கையையே அறுத்துக்கொள்கிறாள்.

இக்காட்சியைப் படிப்பவர் தந்தையை வெறுப்பது எளிது. அங்கே கூடியிருந்த ஏனையோர் எல்லாரும் அவளுடைய நன்மையையே விரும்பினார்கள் என்பதை மறவாதிருப்பதுதான் கடினம். தாய் கெஞ்சினாள், தந்தை அதட்டினார். லாஸேக் குறித்த இரண்டு வழிகளும் ஒரே மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. மருத்துவமனையிலும் தாய் விடவில்லை. கருப்பு ஆட்டிலிருந்து எடுத்த சாற்றை மூலிகை மருந்தென்று பொய் கூறி மகளைக் குடிக்கச் செய்கிறாள். வன்முறைக்கு அடுத்தபடியாக வஞ்சனை. இரண்டுக்கும் மூலம் பாசமே என்பதுதான் நம்மை நடுங்கச் செய்கிறது.

விலகல் என்னும் காவல்

மனமருத்துவ நூல்களில் 'டிஸோசியேஷன்' என்றொரு சொல் வழங்குகிறது. மன விலகல் என்று நாம் கூறலாம். நினைவு, உணர்ச்சி, உடலுணர்வு, நான் என்னும் எண்ணம் ஆகியவை இயல்பாக ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அப்பின்னல் நெகிழ்ந்து தனித்தனி இழையாவதே விலகல். பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானே 1889-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். இதன் எளிய வடிவம் நம் எல்லார்க்கும் உண்டு. பழகிய வழியில் நடந்து வீடு வந்து சேர்ந்தபின், வந்த வழியே நினைவில் இல்லாதிருப்பதும் ஒருவகை விலகல்தான். ஆனால் தாங்கமுடியாத அச்சத்தில், குறிப்பாகத் தப்பியோட வழியற்ற சிறு பிள்ளைக்கு, இது ஒரு காவலாக மாறுகிறது. அடி உடலில் விழுகிறது; பிள்ளையோ உடலில் இல்லை. சுவரிலோ கூரையிலோ நின்று, வேறு யாருக்கோ நடப்பதைப்போல் அதனைப் பார்க்கிறது.

அன்று உயிர் காத்த இந்த உபாயம் பின்னர் பழக்கமாகிவிடுவதுதான் கேடு. உடலை விட்டு விலகியவருக்குப் பசியும் வேறு யாருடைய பசியோ என்று ஆகிவிடுகிறது. உணவுக் கோளாறுகளைப் பல்லாண்டு ஆராய்ந்த மருத்துவர் ஹில்டே புரூக், தம் நோயாளிகள் பசியையும் நிறைவையும் இனங்காண முடியாமல் தடுமாறியதையும், தம் உடல் தமக்கே உரியதல்ல என்பதுபோல் பேசியதையும் எழுதியிருக்கிறார். அவருடைய 'பொற்கூண்டு' என்னும் நூல் 1978-இல் வெளிவந்தது. உண்ணாமையில் மட்டுமன்றி, அளவின்றி உண்பதிலும் இந்த விலகல் உண்டு. தன்னைப் பற்றிய தாங்கொணாத எண்ணங்களிலிருந்து தப்ப, மனம் தன் பார்வையைக் குறுக்கிக்கொண்டு வாயின் அசைவிலும் சுவையிலும் மட்டும் தங்கிவிடுகிறது என்று ஹெதர்டன், பவுமைஸ்டர் என்னும் இரு உளவியலாளர் 1991-இல் விளக்கினர். யாரோ உண்டதுபோல் இருந்தது என்று அந்நோயாளிகள் பின்னர் கூறுவது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உணவுக் கோளாறு உள்ள அனைவரும் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் அல்லர். எல்லாரிடமும் மன விலகல் காணப்படுவதும் இல்லை. காரணம் ஒன்றே என்று தீர்ப்பளிப்பது பல பெற்றோர்மீது வீண்பழி சுமத்துவதாகும். மேலும் பட்டினியே மனத்தை மாற்ற வல்லது. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர், உடலும் உள்ளமும் நலமாயிருந்த 36 இளைஞர்களை அவர்களின் இசைவோடு ஆறுமாத காலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களும் எந்நேரமும் உணவையே எண்ணினர், சோர்ந்தனர், பிறரிடமிருந்து ஒதுங்கினர். ஆகவே விலகல் பட்டினியை வளர்க்கிறது. பட்டினி விலகலை வளர்க்கிறது. இந்தச் சுழலை மனத்தில் கொண்டு மீண்டும் நாவலுக்கு வருவோம்.

ஒன்பது வயதில் ஒரு விருந்து

நாவலில் வரும் மருத்துவர்கள் மனச்சிதைவையும் உணவு மறுப்பையும் பேசுகிறார்களேயன்றி, மன விலகல் என்னும் சொல்லைக் கையாளவில்லை. அச்சொல் என்னுடையது. ஆயினும் அதற்கான சுவடுகளை ஆசிரியர் தெளிவாகப் பதித்திருக்கிறார்.

யோங்ஹேக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு நாய் அவளைக் கடித்துவிடுகிறது. தந்தை அந்நாயைத் தம் மோட்டார் சைக்கிளில் கட்டி, அது சாகும்வரை ஓட்டுகிறார். அன்று மாலை அந்நாயின் இறைச்சி விருந்தாகிறது, சிறுமியும் உண்கிறாள். ஓடிக்கொண்டே தன்னைப் பார்த்த அந்த இரு கண்கள் அவளுக்கு நினைவிருக்கின்றன. ஆனால் அது தன்னைப் பாதிக்கவில்லை என்கிறாள். பாதிக்கவே இல்லை என்று மறுபடியும் கூறுகிறாள். நாவலின் திறவுகோல் இந்த இரண்டாம் முறை கூறலில் இருப்பதாக நான் எண்ணுகிறேன். பாதிக்காத ஒன்றை யாரும் இருமுறை கூறுவதில்லை. கண்கள் நினைவில் தங்கின. அவற்றுக்கு உரிய துயரம் மட்டும் கழன்று எங்கோ போய்விட்டது. நினைவும் உணர்ச்சியும் தனித்தனி இழையாவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட இயலாது.

கழன்று போனது காணாமற் போய்விடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அது கனவில் முகங்களாகத் திரும்பி வருகிறது. தான் உண்ட உயிர்களெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு கட்டியாக அடைத்துக்கொண்டிருப்பதாக யோங்ஹே உணர்கிறாள். மனம் ஏற்க மறுத்ததை உடல் சுமந்துகொண்டிருக்கிறது. இறைச்சியை விடுகிறாள், கட்டி கரையவில்லை. எல்லா உணவையும் விடுகிறாள். இறுதியில் மனித உடலையே விட்டு மரமாக விழைகிறாள். கைகளை வேராக ஊன்றித் தலைகீழாக நிற்கும் அவளுக்கு நீரும் வெயிலும் போதுமாம். மரத்துக்கு முகமில்லை, அடிபட்ட நினைவில்லை, அதன் வாய்க்குள் யாரும் எதனையும் திணிக்க முடியாது. இந்த விருப்பத்தைக் கவித்துவம் என்று வியப்பதற்கு முன்னால், அவளுடைய எடை 30 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

கதை சொல்லும் முறையும் இந்த நோய்க்கு ஒத்திருக்கிறது. முதற்பகுதியைக் கணவன் கூறுகிறான். இரண்டாம் பகுதி தமக்கையின் கணவனுடைய பார்வையிலும், மூன்றாம் பகுதி தமக்கையின் பார்வையிலும் செல்கின்றன. யோங்ஹேயின் குரல் முதற்பகுதியில் இடையிடையே வரும் சில கனவுத் துண்டுகளில் மட்டும் கேட்கிறது. பின்னர் அதுவும் நின்றுவிடுகிறது. தன் கதையிலேயே அவள் இல்லை. தன் வாழ்க்கையைப் பிறர் கண்களால் மட்டுமே காண நேர்ந்தவளின் நிலையை வாசகனும் அடைகிறான்.

உண்டுகொண்டே விலகியவள்

இந்நாவலில் என்னை மிகவும் கலங்கச் செய்தவள் யோங்ஹே அல்லள்; அவளுடைய தமக்கை இன்ஹே. இவள் அழகுசாதனக் கடை நடத்துகிறாள், மகனை வளர்க்கிறாள், பெற்றோரும் கணவனும் கைவிட்ட தங்கைக்கு மருத்துவச் செலவு செய்கிறாள். உண்கிறாள், உறங்குகிறாள், சிரிக்கிறாள். எவரும் இவளை நோயாளி என்று கூறமாட்டார்கள். நல்ல பிள்ளை என்றே கூறுவார்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இவளுக்கு உண்மை ஒன்று புலப்படுகிறது. சிறு வயதில் தந்தையின் அடி முழுவதும் தங்கைமீதே விழுந்தது. மூத்தவளான தான், சோர்ந்துபோன தாய்க்குப் பதிலாக அடுப்படியில் நின்று, குடித்துவிட்டு வரும் தந்தைக்குச் சூப்பு வைத்துக் கொடுத்ததால் தப்பினாள். அன்று தன் பொறுப்புணர்ச்சி என்று எண்ணியது, உயிர் பிழைப்பதற்கான உபாயமே. இதுவரை தான் வாழவே இல்லை, பொறுத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள் என்று அறியும்போது, இவளும் தன் உடலில் குடியிருக்கவில்லை என்பதை நாம் காண்கிறோம். ஒருத்தி உணவை மறுத்து வெளியேறினாள். மற்றொருத்தி கடமைக்குள் புகுந்து மறைந்துகொண்டாள். முன்னவளை நோயாளி என்று பூட்டினார்கள். பின்னவளை உத்தமி என்று மெச்சினார்கள். நம் குடும்பங்களில் மெச்சப்படும் அமைதியான பெண்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தவாறு இப்பகுதியைப் படிக்கவேண்டியிருக்கிறது.

நாவலின் குறைகள்

புகழ் பெற்ற நூல் என்பதால் குறை காண அஞ்சவேண்டியதில்லை. முதற்பகுதியின் கணவன் முற்றிலும் வெறுமையான மனிதனாக வரையப்பட்டிருப்பதால், அவனை விலக்கி வைத்துவிட்டு நாம் நிம்மதியடைந்து விடுகிறோம். நம்மைப் போன்ற ஒருவனாக அவனை ஆக்கியிருந்தால் கதை இன்னும் சுட்டிருக்கும். இரண்டாம் பகுதியில் தமக்கையின் கணவன், நோயுற்ற அப்பெண்ணின் உடலைத் தன் கலைக்கும் இச்சைக்கும் கருவியாக்கிக் கொள்கிறான். அது சுரண்டல் என்பதை ஆசிரியர் அறிவார். ஆனால் அவருடைய நடையழகு பல பக்கங்களில் அந்தக் கலைஞனின் மயக்கத்துக்கே துணைபோய், வாசகனையும் மயக்கிவிடுகிறது. 2005-இல் கொரிய நாட்டின் யீ சாங் இலக்கிய விருதைப் பெற்றது இப்பகுதியே. எனக்கோ மூன்றாம் பகுதிதான் நாவலின் உயிர்நிலையாகப் படுகிறது.

மரம் என்னும் உருவகத்திலும் ஓர் அபாயம் உண்டு. பட்டினி கிடக்கும் உடல் தளிர்ப்பதில்லை. அதன் தசை கரைகிறது, எலும்பு நொய்கிறது, இதயத் துடிப்பு தளர்கிறது. உணவுக் கோளாறுகள் உயிரைக் குடிக்கவல்லவை. இந்நோயின் விளிம்பில் நிற்கும் இளம்பெண் ஒருத்தி இந்நூலைப் படித்தால், மரமாதலை விடுதலை என்று மயங்கக்கூடும். அத்தகைய பிள்ளையின் கையில் இதனைத் தனியே விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெற்றோர் படிக்கவேண்டிய நூல் இது.

நோன்பும் பட்டினியும்

உண்ணாதிருத்தலை வணக்கமாகக் கொண்ட நமக்கு இந்நூல் தனியே ஒரு கேள்வியை எழுப்புகிறது. நம் வீட்டுப் பெண் ஒருத்தி ரமழான் முடிந்தபின்னும் ஓயாது நோன்பு நோற்றால், நாம் பெருமைப்படுவோமேயன்றி ஐயுறமாட்டோம். ஆனால் நோன்புக்கு நிய்யத் உண்டு, ஸஹர் உண்டு, திறக்கும் நேரம் உண்டு, பேரீச்சம்பழத்தை ஒருவருக்கொருவர் நீட்டும் கைகள் உண்டு. நோயாளிக்கு விலக்கும் உண்டு. நோன்பாளி தன் பசியை அறிந்து, அதனைத் தாங்குகிறான். தன் உடலில் முன்னிலும் விழிப்போடு இருக்கிறான். நோயில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. அங்கே பசி மறக்கப்படுகிறது. திறக்கும் நேரம் வருவதில்லை. சேர்ந்து உண்பதே அச்சமாகிறது. நோன்பு திறக்கும் வேளையில் ஏதேனும் காரணம் கூறி எழுந்து போகிற பிள்ளை, உண்டபின் நெடுநேரம் கதவடைத்துக்கொள்ளும் பிள்ளை, நாம் பேசும்போது நம் முன்னே இருந்தும் இல்லாததுபோல் வெறித்திருக்கும் பிள்ளை ஆகியோரைப் பக்தி என்றோ பிடிவாதம் என்றோ பெயரிட்டு விட்டுவிடலாகாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நம்புகிற நாம், அதைக் காக்க மருத்துவரிடம் செல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. உடலுக்கு ஒரு மருத்துவரும் உள்ளத்துக்கு ஒரு மருத்துவரும் சேர்ந்து கவனிக்கவேண்டிய நோய் இது.

இறுதிக் காட்சி

மூன்றாம் பகுதியில் யோங்ஹேக்குக் குழாய் வழியே உணவு செலுத்த முயல்கிறார்கள். பலர் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொள்கிறார்கள். தந்தையின் மேசையில் நிகழ்ந்தது மருத்துவமனைக் கட்டிலில் மறுபடி நிகழ்கிறது. நிறுத்துங்கள் என்று இம்முறை இன்ஹே குறுக்கே பாய்கிறாள். அன்று தடுக்க முடியாதவள் இன்று தடுக்கிறாள். ஆனால் அன்று திணிக்கப்பட்டது ஆணவம். இன்று செலுத்தப்படுவது உயிர் காக்கும் முயற்சி. சாவின் விளிம்பிலிருக்கும் ஒருவருக்குக் குழாய் உணவு தேவைப்படும் நிலை உண்மையிலேயே உண்டு. மருத்துவர் செய்தது தவறு என்றோ, தமக்கை செய்தது தவறு என்றோ நம்மால் கூறமுடியவில்லை. இரண்டையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றல் யோங்ஹேயின் உடலுக்கு இல்லாமற் போய்விட்டது என்பதே பெருந்துயரம். ஒன்பது வயதிலிருந்தே தன்னை நோக்கி வந்த கைகளை எல்லாம் ஒரே கையாகவே அந்த உடல் அறிந்திருக்கிறது.

ஆம்புலன்ஸ் வண்டியில் தங்கையைக் கொண்டுசெல்லும் இன்ஹே, சாலையோர மரங்களை வெறித்துப் பார்ப்பதோடு நாவல் முடிகிறது. யோங்ஹே பிழைத்தாளா என்பதை ஆசிரியர் கூறவில்லை. புத்தகத்தை மூடியபின் என் நினைவில் நின்றவை அந்த மரங்கள் அல்ல. தங்கைக்காகப் பழங்களை எடுத்துக்கொண்டு, பேருந்தேறி, அந்த மலையடிவார மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வந்த தமக்கையின் கால்களே நின்றன. அவள் கெஞ்சியும் பார்த்தாள், கண்டித்தும் பார்த்தாள். இரண்டும் தோற்றன. ஆயினும் வருவதை அவள் நிறுத்தவில்லை. லாஸேக் குறித்த அவ்விரண்டு வழிகளுக்கு அப்பால் குடும்பத்துக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டென்றால், அது இப்படி வந்து அருகே அமர்வதுதான். யோங்ஹேயின் வாழ்வில் அது மிகவும் பிந்தி வந்தது. நம் வீடுகளில் அது முன்கூட்டியே வரட்டும்.